கீரை பறிக்கக் கூட்டமாகப் போவது எப்படி? மலையகத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்துப் பேர் ஒரு தண்ணீர்க் கானோரம் குந்திக்கொண்டு ஒரே ஒரு இலையைக் கால் மணி நேரமாகப் பார்த்துக்கொண்டிருந்தால், போகிறவர் வருகிறவரெல்லாம் "என்னத்தத் தொலைச்சீங்க?" என்று கேட்கத்தான் செய்வார்கள். எங்களையும் கேட்டார்கள். "வல்லாரை பாக்கிறோம்" என்றால் சிரிப்பு வேறு. தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு வல்லாரைக் கீரை தெரியாதா என்ன?

எனக்குத் தெரியாது. கடையில் கட்டாகக் கட்டி வைத்தால் தெரியும், மண்ணில் கிடந்தால் தெரியாது. 2022இல் இலங்கையில் சாமான் விலை ஏறிக்கொண்டே போய், அந்த செப்டம்பரில் உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியபோது, மரக்கறிக் கடைப் பக்கம் போகவே பயந்த நாள்களில் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் இருக்கிற அம்மாயிமார் படங்குச் சாக்கை உதறி இடுப்பில் கட்டிக்கொண்டு போய் மடி நிறையக் கீரையோடு வந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் நாங்கள் சிலர் சேர்ந்து பழகத் தொடங்கினோம். அப்படிப் பழகியதில் தெரிந்ததை, முதல் முறையாக வருகிறவர்களுக்காக எழுதுகிறேன். செடியின் பெயரையும் படத்தையும் எங்கே வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். அந்தச் செடி நிற்கிற இடத்துக்கு மேலே என்ன இருக்கிறது, அங்கே என்ன தண்ணீர் ஓடி வருகிறது என்பதைத்தான் முதலில் பழக வேண்டும், ஆனால் அதை யாரும் சொல்லித் தருவதில்லை.

முதலில் ஆளைத் தேடுங்கள்

ஒவ்வொரு தோட்டத்திலும் கீரை பறித்தே பிள்ளை வளர்த்த ஒரு பெரியம்மாவோ அம்மாயியோ இருப்பார். பக்கத்துச் சிங்களக் கிராமத்திலும் இருப்பார்கள், அவர்களுக்கு நம்மை விடக் கூடுதலாகவே தெரியும், கொல கெந்தை என்கிற கீரைக் கஞ்சிக்கு என்னென்ன இலை போடலாம் என்று தினமும் பார்க்கிறவர்கள். தேயிலைக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர் என்றால் இன்னும் நல்லது, ஏனென்றால் எந்தத் தேயிலை மலையில் எந்த வருடம் என்ன நடந்தது என்பது வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கும்.

அவரிடம் போய் "என்னென்ன கீரை இருக்கு?" என்று கேட்காதீர்கள். முப்பது பெயர் சொல்வார், நமக்கு ஒன்றும் நிற்காது. "எந்த இடத்துல நீங்க பறிக்கவே மாட்டீங்க?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் பாடம் முழுக்க இருக்கிறது.

இன்னொன்று. ஞாயிறு அவருக்குத் துணி துவைக்கிற நாள், தலை முழுகுகிற நாள், விறகு பொறுக்குகிற நாள். சும்மா கூட்டிக்கொண்டு போய் அரை நாளைத் தின்றுவிட்டு "நன்றி பெரியம்மா" என்று ஓட்டோவில் ஏறிப் போகக் கூடாது. நாங்கள் போகிற வழியிலேயே அவருக்கு ஒரு கட்டு விறகு சேர்த்துக் கொடுப்போம், பஸ் சல்லி, தேத்தண்ணிச் செலவெல்லாம் கூட்டத்தின் கணக்கில்.

எட்டுப் பேர், மிஞ்சினால் பத்துப் பேர். அதற்கு மேல் போனால் பின்னால் நிற்பவருக்கு இலையே தெரியாது, முன்னால் நிற்பவர் மிதித்து முடித்திருப்பார். சின்னப் பிள்ளைகள் வரலாம், இரண்டு பிள்ளைக்கு ஒரு பெரியவர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தெரிந்தவர் முன்னால் நடக்கட்டும், நிதானமான ஒருவர் கடைசியில் வரட்டும்.

இடம்: இதில் அவசரப்படாதீர்கள்

எங்கள் இரண்டாவது பயணத்தில் நான் ஒரு பை நிறைய வல்லாரை பறித்துவிட்டேன். கொழுந்து மலைக்குக் கீழே, கான் தண்ணீர் கசிந்து நிற்கிற இடம், இலை ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க் குற்றியை விடப் பெரிது, பளபளப்பு வேறு. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். எங்களைக் கூட்டிப்போன பெரியம்மா பையை வாங்கி அப்படியே கவிழ்த்துக் கொட்டினார். "மேல மலையில முந்தாநேத்து மருந்தடிச்சாங்க பாப்பா. போய்ச் சவுக்காரம் போட்டுக் கையக் கழுவு."

இலையில் ஒரு புள்ளிகூட இல்லையே என்று கேட்டேன். அதுதான் விஷயமே. கிளைபொசேட் மாதிரியான களைகொல்லி அடித்த அன்றைக்குச் செடி ஒன்றும் வாடாது. வேருக்கு இறங்கி வேலை செய்ய நாள் எடுக்கும், நாலைந்து நாள் அல்லது ஒரு கிழமை போன பிறகுதான் மஞ்சளாகத் தொடங்கும். மஞ்சளாகிவிட்ட இலையை யாரும் பறிக்கப் போவதில்லை. ஆபத்து இருப்பது அதற்கு முந்திய அந்தப் பச்சையான சில நாள்களில்தான், அப்போது கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது. யாரையாவது கேட்டால்தான் தெரியும்.

கிளைபொசேட்டை 2015இல் இலங்கையில் தடை செய்தார்கள், அந்தக் காலத்தில் மலைகளில் களை மண்டியது உங்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பிறகு 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திரும்ப அனுமதித்தார்கள். 2021இல் இரசாயன உரம், பூச்சி களை மருந்து எல்லாவற்றின் இறக்குமதிக்கும் தடை வந்து, அதே வருடம் நவம்பரில் அதுவும் விலகியது. இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், "போன தடவை வந்தப்ப ஒண்ணும் அடிக்கல" என்ற கணக்கு இங்கே எடுபடாது. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாகக் கேட்க வேண்டும்.

யாரைக் கேட்பது? தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தரைக் கேட்கலாம், மலைக்குள் இறங்க அனுமதியும் அவர் மூலமாகத்தான் எடுக்க வேண்டும், அதில் கூச்சம் வேண்டாம். ஆனால் சரியான பதில் மருந்து டேங்கி முதுகில் தூக்கிக்கொண்டு போகிற ஆள்களிடம் இருக்கிறது. எந்த மலை, எந்த நாள், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்று எல்லாம் சொல்வார்கள். எங்கள் கூட்டத்தின் வழக்கம், மருந்தடித்த மலையும் அதற்குக் கீழே உள்ள கானும் அந்த மழைப் பருவம் முழுக்கக் கணக்கில் இல்லை.

மருந்துக்கு அடுத்தது தண்ணீர். லயத்துக்குக் கீழே ஓடுகிற ஓடை, கக்கூஸ் குழி இருக்கிற சரிவு, மாட்டுப் பட்டிக்குக் கீழே உள்ள சதுப்பு, இந்த மூன்றும் வேண்டாம், அங்கேதான் கீரை கொழுகொழு என்று இருக்கும் என்றாலும் வேண்டாம். நுவரெலியா, கந்தப்பளைப் பக்கம் என்றால் உருளைக்கிழங்கு, லீக்ஸ் தோட்டங்களுக்கு நடுவே ஓடுகிற வாய்க்காலும் இதில் சேர்த்தி. மெயின் ரோட்டு ஓரமும் வேண்டாம்.

அப்போ எங்கேதான் பறிப்பது? எங்களுக்கு நன்றாக அமைந்தது ஒரு வழி. மருந்து அடிக்காமல் வீட்டுத் தோட்டம் செய்கிறவரிடம் போய், "நாங்க களை புடுங்கித் தாறோம், களையை எங்களுக்குத் தாங்க" என்று சொல்லுங்கள். முதலில் ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பிறகு அவரே போன் எடுத்துக் கூப்பிடுவார். கரட் பாத்திக்குள் முளைக்கிற குப்பைக்கீரையும் மணத்தக்காளியும் அவருக்குத் தொல்லை, நமக்கு ராத்திரிச் சோற்றுக்குக் கறி.

காட்டுக்குள் போகலாமா என்று புதியவர்கள் கட்டாயம் கேட்பார்கள். ஹோர்ட்டன் சமவெளி 1988இலிருந்து தேசியப் பூங்கா, அங்கே ஓர் இலையைக்கூடக் கிள்ளக் கூடாது. ஹக்கல காடு அதை விடக் கடுமையான ஒதுக்கிடம், உள்ளே கால் வைக்கவே அனுமதி இல்லை. தோட்டத்து எல்லையில் இருக்கிற காடு பெரும்பாலும் வனத் திணைக்களத்துடையது. நாம் பழக வேண்டிய கீரைகள் எல்லாம் மனிதர் நடமாடுகிற இடத்துச் செடிகள்தான், அடர்ந்த காட்டில் அவை கிடையவும் கிடையாது, ஆகவே இதில் நமக்கு நட்டமும் இல்லை.

நாள், நேரம், உடுப்பு

அட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் ஏப்ரல் மழைக்குப் பிறகு கீரை துளிர்த்து நிற்கும். ஜூன், ஜூலையில் தென்மேற்குப் பருவமழை ஊற்றும்போது இலை சேறாகிவிடும், நமக்கும் வழுக்கும். ஊவாப் பக்கம், பதுளை, பண்டாரவளை, அப்புத்தளையில் கணக்கு வேறு. அங்கே அந்த மாதங்களில் வறண்ட காற்றுத்தான், ஒக்டோபர் மழை விழுந்த பிறகு போனால் கைநிறையக் கிடைக்கும். மண்சரிவு எச்சரிக்கை விட்டிருக்கிற நாளில் பயணத்தை அப்படியே தள்ளிப் போடுங்கள். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நடந்த மண்சரிவுக்குப் பிறகு இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

காலை எட்டரைக்கு இறங்கி பதினொன்றுக்குள் ஏறிவிடுவது நல்லது, பின்னேரம் மழை வரும். முழுக்கை உடுப்பு, பூட்ஸ் அல்லது மூடிய சப்பாத்து. வட்டவளை, கினிகத்தேனைப் பக்கம் அட்டைக்குக் காலில் சவுக்காரம் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து எடுக்காதீர்கள், நகத்தால் வாய்ப் பக்கத்தைத் தள்ளினால் விழுந்துவிடும், பிறகு கழுவி விடுங்கள். சென்ட் பூசிக்கொண்டு வராதீர்கள். இறங்குவதற்கு முன் பெரிய மரங்களையும் பாறை இடுக்குகளையும் அண்ணாந்து பார்த்துக் குளவிக்கூடு இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அந்தப் பக்கமே வேண்டாம், புகையும் வேண்டாம், பையன்கள் கல் எறிகிற வேலையும் வேண்டாம். புதருக்குள் காலை வைக்கும் முன் ஒரு குச்சியால் தட்டுங்கள். பாம்பு விலகும் என்பது ஒரு காரணம், பன்றிக்குக் கட்டிய சுருக்குக் கம்பி இருந்தால் குச்சியில் மாட்டும் என்பது இன்னொரு காரணம்.

கையில் சின்னக் கத்தி, துணிப் பைகள், பழைய பேப்பர், ஒரு கொப்பி, பேனை. ஒரு செடிக்கு ஒரு பை. எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு வந்து வீட்டில் பிரிப்பேன் என்பவரின் பையில்தான் வேண்டாத இலை கலந்திருக்கும்.

பார்க்கப் பழகுவது

முதல் நாள் இரண்டு செடி போதும். மூன்று மாதத்தில் ஐந்து செடி. இதற்கு மேல் ஆசைப்படாதீர்கள்.

வல்லாரையை எடுத்துக்கொள்வோம், சிங்களத்தில் கொட்டுகொல. மண்ணோடு படர்ந்து, சிவந்த கொடி ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டிருக்கும். இலை சிறுநீரக வடிவம். விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பார்த்தால் சின்னச் சின்ன வளைவாகப் பல் பல்லாகத் தட்டுப்பட வேண்டும். வழவழவென்று ஓடினால் அது வல்லாரை இல்லை, அதே உருவத்தில் தரையோடு படரும் வேறு செடிகள் உண்டு. காம்பு இலையின் நடுவில் குடைக்கம்பி மாதிரிச் செருகியிருந்தாலும் வல்லாரை இல்லை, வல்லாரையில் காம்பு அந்த வெட்டு விழுந்த இடத்தில்தான் சேரும். பூவைத் தேடினால் இலைகளுக்கு அடியில், மண்ணை ஒட்டி, கண்ணுக்கே தெரியாத அளவில் கிடக்கும். ஆளுக்கு ஓர் இலை கொடுத்து, கண்ணை மூடித் தடவச் சொல்வார் பெரியம்மா. எங்களுக்குக் கால் மணி நேரம் எடுத்தது இதற்குத்தான்.

பொன்னாங்காணியில் இன்னும் கவனம் வேண்டும். முகுணுவென்ன என்று சந்தையில் விற்பதும் இதுதான். இதே மாதிரி இலை, இதே மாதிரி எதிரெதிராக நிற்கும், ஆனால் தண்ணீரோரம் பாய் விரித்த மாதிரி மண்டிக் கிடக்கும் ஒரு வெளிநாட்டுக் களை இருக்கிறது. கடைக் கட்டிலேயே அது கலந்து வருவதுண்டு. சாப்பிட்ட உடனே ஒன்றும் செய்யாது என்றாலும், கழிவுத் தண்ணீரில் உள்ள உலோகத்தை எல்லாம் உறிஞ்சி வைத்துக்கொள்கிற செடி அது. வித்தியாசம் பூவில். பொன்னாங்காணியின் வெள்ளைப் பூ இலை இடுக்கில் காம்பே இல்லாமல் ஒட்டிக்கொண்டிருக்கும், மற்றதில் வெள்ளை உருண்டை ஒரு நீளக் காம்பின் நுனியில் தூக்கி நிற்கும், தண்டும் பருத்து உள்ளே கூடாக இருக்கும். பூ இல்லையென்றால்? விட்டுவிட்டு வாருங்கள், பூக்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

குப்பைக்கீரை சுலபம். கணுவில் முள் இருந்தால் அது முள்ளுக்கீரை, அதையும் இளசாக இருக்கும்போது சாப்பிடலாம், கைதான் கிழியும். மணத்தக்காளி இலையைச் சமைத்துத்தான் சாப்பிட வேண்டும். பழம் நன்றாகக் கறுத்திருந்தால் தின்னலாம், பச்சைக் காய் பிள்ளைகள் கைக்குப் போகக் கூடாது. புளியாரையைக் காட்டவே தேவையில்லை, பள்ளிக்கூடம் போகிற வழியில் எல்லோரும் மென்றிருப்போம். கறிக்குப் புளிப்பாகக் கொஞ்சம் போடலாம். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் தவிர்க்க வேண்டும்.

போனில் படம் எடுத்துப் பெயர் கேட்கிற செயலிகள் இருக்கின்றன, வைத்துக்கொள்ளுங்கள், தேடுவதற்கு உதவும். அது சொல்வதை நம்பி வாயில் வைக்காதீர்கள். செடியை நேரில் கையில் பிடித்து, தான் சமைத்துச் சாப்பிட்டிருக்கிற ஒருவர் "ஆமாம்" என்று சொல்லும் வரைக்கும் அது வெறும் இலை. "கொஞ்சமாத் தின்னு பாப்போம்" என்கிற மாமா ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார், அவர் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

தொடக்கூடாதவை

காளான் பக்கம் முதல் வருடம் போகவே வேண்டாம். தெரிந்தவர் பறித்துக் கொடுத்தாலும் பார்த்துவிட்டு வையுங்கள்.

சேம்பு இலை நல்ல கறிதான், ஆனால் பக்கத்திலேயே சிங்களத்தில் ஹபரல என்கிற பெரிய இலைக்காரர் நிற்பார். சேம்பில் காம்பு இலையின் வெட்டு விழுந்த விளிம்பில் சேராமல் கொஞ்சம் உள்ளே தள்ளிச் சேரும், இலை நுனி கீழே பார்க்கும். ஹபரலவில் காம்பு விளிம்போடு சேரும், இலை வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். மாற்றிச் சமைத்தால் தொண்டை வீங்கும். சரியான சேம்பு இலையையே புளி விட்டு நன்றாக வேகவைக்காவிட்டால் நாக்கு அரிக்கும். இதை நான் ஒரு ராத்திரி முழுக்க அனுபவித்தேன், வீட்டில் அனைவரும் அனுபவித்தார்கள், அதற்குப் பிறகு இரண்டு மாதம் நான் கொண்டுவந்த எதையும் அடுப்பில் ஏற்றவே இல்லை.

நுவரெலியா வீதியோரங்களில் எக்காளம் மாதிரிப் பூக்கள் தலைகீழாகத் தொங்குகிற செடி ஊமத்தைக்குச் சொந்தம், இலை பூ விதை எல்லாமே விஷம். புல்வெளிச் சரிவுகளில் மண்டுகிற பன்னம் என்கிற பெரணிச் செடியின் சுருண்ட குருத்து ஆசை காட்டும், அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஆற்றோரத்தில் சாப்பிடுகிற பன்னம் வேறு உண்டு, ஆனால் அது இரண்டாம் வருடத்துப் பாடம். தாழ்ந்த பக்கங்களில் கார்த்திகைப்பூக் கொடியின் கிழங்கைச் சாப்பிடுகிற கிழங்கு என்று நினைத்து உயிர் போயிருக்கிறது. ஆகவே கிழங்கு எதையும் தோண்டாதீர்கள்.

யாருக்காவது வாந்தி, மயக்கம், வாய் எரிவு என்றால் வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் 1990 என்ற எண்ணுக்குப் போன் எடுங்கள், அம்புலன்ஸ் இலவசம். சாப்பிட்ட செடியில் மிச்சம் இருந்தால் பேப்பரில் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டுபோங்கள். வைத்தியருக்கு நாம் சொல்லும் பெயரை விட அந்த இலை உதவும்.

பறிப்பதும் சமைப்பதும்

வேரோடு பிடுங்காதீர்கள். வல்லாரையில் இலையைக் காம்போடு கிள்ளுங்கள், கொடியை விடுங்கள். பொன்னாங்காணியில் நுனியிலிருந்து நாலு விரல் நீளம். ஓர் இடத்தில் மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் அதிகம். அந்த இடத்தில் ஏற்கெனவே பறித்துச் சாப்பிடுகிற குடும்பம் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களுக்குப் பொழுதுபோக்கு இல்லை, கறி.

வீட்டுக்குப் போவதற்கு முன் பேப்பரை விரித்து எல்லாப் பைகளையும் கொட்டி, ஒவ்வோர் இலையாகப் பார்த்துப் பிரிக்க வேண்டும். அலுப்பான வேலைதான், பசி வேறு எடுத்திருக்கும், ஆனால் இரண்டு தடவை இப்படிப் பிரிக்கும்போதுதான் எங்களுக்கு வேண்டாத இலை அகப்பட்டது. சந்தேகம் வந்த இலையைப் பற்றிப் பேச்சே வேண்டாம், தூக்கிப் போடுங்கள். பிறகு நாலைந்து தண்ணீரில் அலசுங்கள்.

கடை வல்லாரையைப் பச்சையாகச் சம்பல் போடுகிற மாதிரி மலையில் பறித்ததைப் போடாதீர்கள். உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டால் எல்லாக் கிருமியும் போய்விடும் என்பது நம்முடைய நம்பிக்கை மட்டும்தான், தண்ணீரோரச் செடியில் ஒட்டியிருக்கும் புழு முட்டை உப்புக்கெல்லாம் அசையாது. சுண்டல் செய்யுங்கள். பொடியாக அரிந்து, வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் வதக்கி, கீரையைப் போட்டு நன்றாக வேகவிட்டு, தேங்காய்ப்பூவும் மாசித்தூளும் தூவி, இறக்கியதும் தேசிக்காய் பிழிந்தால் போதும். புதிய கீரை என்றால் முதல் தடவை ஆளுக்கு இரண்டு கரண்டி, அன்றைக்கு அந்த ஒரு கீரை மட்டும். தினமும் மருந்து குடிப்பவர்களும் கர்ப்பிணிகளும் வைத்தியரிடம் கேட்காமல் புதிதாக எதையும் சாப்பிடாதிருப்பது நல்லது.

கொப்பியில் அன்றைக்கே எழுதிவிடுங்கள். செடியின் பெயர், யார் காட்டினார், எந்த மலை, மேலே என்ன இருக்கிறது, யாரிடம் கேட்டோம் என்று எல்லாம். ஓர் இலையை அந்தப் பக்கத்திலேயே அழுத்தி ஒட்டி வையுங்கள். அப்புறம் இரண்டு கிழமை கழித்துக் கூட்டம் இல்லாமல், நீங்கள் மட்டும், அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். கிள்ளிய இடம் துளிர்த்திருந்தால் அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கலாம். மஞ்சளாகிக் கிடந்தால் டேங்கி தூக்குகிற அண்ணனைத் தேடிப் போய் எந்த நாள் அடித்தார்கள் என்று கேட்டு, அதையும் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள்.